கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் செவிலியப் பட்டப்படிப்பும் இரண்டாம் பட்ட மாணவர்களும்

ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர், பின்னர் செவிலியராக விரும்பி பி.எஸ்ஸி. செவிலியப் படிப்பில் சேர்வதே இரண்டாம் பட்டச் சேர்க்கை. அமெரிக்காவில் இத்தகையோருக்கென்றே குறுகிய காலப் படிப்புகள் உள்ளன. இந்தியாவில் அப்படி ஒரு வழி ஏற்படவில்லை. விலங்கியலில் பட்டம் பெற்றவரும், வணிகவியலில் பட்டம் பெற்றவரும், பன்னிரண்டாம் வகுப்பை அந்த ஆண்டுதான் முடித்த 17 வயதுப் பெண்ணுடன் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கையில் பட்டச் சான்றிதழ் இருந்தாலும் சேர்க்கையில் கேட்கப்படுவது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலே.

இந்த நிலை எப்படி உருவானது என்பதைக் கடலூர் மாவட்டத்தின் கல்வி வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. வேலைக்குச் செல்வோருக்கும் குடும்பப் பெண்களுக்கும் அஞ்சல்வழியாகப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமும், செவிலியக் கல்லூரி ஒன்றும் ஒரே வளாகத்தில் அமைந்த ஊர் சிதம்பரம்.

தொடக்ககாலப் பயிற்சி

'செவிலி' பழைய சொல். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய் தலைவியை வளர்த்தவள்; நோயாளியைக் கவனித்தவள் அல்லள். மருத்துவமனைப் பணிக்கு இச்சொல் வழங்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். இலங்கைத் தமிழர் 'தாதி' என்கின்றனர். கடலூர்ப் பக்கம் பேச்சில் இன்றும் 'நர்ஸம்மா' தான்.

சென்னையில் 1844இல் மகப்பேறு மருத்துவமனை தொடங்கியது. அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் நான்கு மாணவியருடன் பயிற்சிப் பள்ளி தொடங்கியதாகச் செவிலியக் கல்வி வரலாறுகள் குறிக்கின்றன. அந்தக் காலத்தில் பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவக் குடும்பத்துப் பெண்களும் ஆவர். அயலாரின் உடலைத் தொடுவது, இரவில் வெளியே தங்குவது, கழிவுகளைக் கையாள்வது ஆகிய மூன்றும் சாதி இந்துக் குடும்பங்களைத் தயங்க வைத்தன. 1912இல் சகோதரி சுப்பலட்சுமி சென்னையில் தொடங்கிய இளம் விதவையர் இல்லத்திலிருந்து வெளிவந்த பெண்கள் பெரிதும் ஆசிரியர் பணிக்கே சென்றதை இதனோடு சேர்த்து எண்ணலாம். வாழ்க்கையில் இரண்டாவது வாய்ப்பு தேடிய படித்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் மதிப்பான இடமாகத் தெரிந்தது. மருத்துவமனை அப்படித் தெரியவில்லை.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் கடலூர். மாவட்டத் தலைமை மருத்துவமனை அங்கே இருந்தது. டேனிஷ் மிஷன் சபையார் திருக்கோவிலூரில் மருத்துவமனை நடத்தினர். ஆனால் செவிலியத்தைப் பட்டமாகப் படிக்க விரும்பிய பெண் மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909 முதல் செவிலியர் பயிற்சி நடந்து வந்தது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் வந்த பிறகு பதிவு முறை நிலைபெற்றது.

1946இல் இரண்டு நிகழ்வுகள் ஒருசேர நடந்தன. போர் குழுவின் அறிக்கை அவ்வாண்டு வெளிவந்தது. நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்களே உள்ளனர் என்றும், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலை இருக்கிறது என்றும் அது கணக்கிட்டது. (குழுத் தலைவரான ஜோசப் போரின் பெயரால் அமைந்தது இப்பெயர், யுத்தத்தோடு இதற்குத் தொடர்பில்லை.) அதே ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் நான்காண்டு பி.எஸ்ஸி. செவிலியப் படிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்திய செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது.

அந்தத் தருணத்தில்தான் சேர்க்கையின் அடிப்படையும் வகுக்கப்பட்டது. நாட்டுக்குத் தேவைப்பட்டது ஏராளமான இளம் செவிலியர். பள்ளிப் படிப்பை முடித்து நேராக வரும் பெண், விடுதியில் தங்கி, வார்டில் வேலை செய்துகொண்டே கற்கும் பெண் என்ற உருவமே திட்டமிட்டவர்கள் மனத்தில் இருந்தது. பல பயிற்சிப் பள்ளிகள் மணமாகாத பெண்களையே சேர்த்தன. பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேறு வேலை பார்த்து, அதன்பின் வருபவர் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. பட்டதாரிப் பெண்களே மிகச் சிலராக இருந்த காலம் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. எண்ணிக்கை பெருகிய பின்னும் விதி மாறாதிருந்ததுதான் கவனிக்கத் தக்கது.

அமெரிக்க வழியும் இந்திய வழியும்

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகச் செவிலியப் பள்ளி 1923இல் தொடங்கியது. 1934 முதல் அங்கே சேர முன்னதாக ஓர் இளநிலைப் பட்டம் கட்டாயமாக்கப்பட்டது. இலக்கியமோ வேதியியலோ படித்தவர் அதன் மேல் செவிலியம் கற்கலாம் என்பது அதன் பொருள். 1971இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் வேறு துறைப் பட்டதாரிகளுக்காக விரைவுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. முதல் பட்டத்தில் படித்த அறிவியல், சமூகவியல் பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, செவிலியப் பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சியையும் மட்டும் செறிவாகத் தருவது இதன் முறை. அந்நாட்டில் இன்று இவ்விடங்களுக்குக் கடும் போட்டி நிலவுகிறது.

இந்தியாவிலும் பின்னால் வருவோருக்கு ஒரு வழி திறந்தது. ஆனால் அது வேறு திசையில் திறந்தது. 1963இல் திருவனந்தபுரத்தில், பயிற்சி பெற்றுப் பதிவு செய்த செவிலியர்களுக்காக இரண்டாண்டு பட்டப்படிப்பு தொடங்கியது. 'போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.' என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பட்டயம் பெற்ற செவிலியர் இதில் சேர்ந்து பட்டதாரியாகலாம். 1994இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு இப்படிப்பைத் தொலைநிலை வழியில் தந்தது. அதற்கு நுழைவுத்தேர்வும் உண்டு.

செவிலியர் பட்டதாரியாக ஏணி வைக்கப்பட்டது; பட்டதாரி செவிலியராக ஏணி இல்லை. ஒரே சொற்களை முன்பின்னாக மாற்றியது போலத் தோன்றினாலும், தனியொருவர் வாழ்வில் இது இரண்டு ஆண்டுக்கும் நான்கு ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு.

அண்ணாமலை நகர்

சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. கலை, அறிவியல், தமிழிசை, பொறியியல் எனப் பல துறைகள் வளர்ந்தாலும் மருத்துவம் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1980இல் பல் மருத்துவக் கல்லூரியும் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் வந்தன. பிறகு ராணி மெய்யம்மை செவிலியக் கல்லூரி அவற்றோடு இணைந்தது. தொடர்வண்டி நிலையத்தின் கிழக்கே பல்கலைக்கழகமும் மருத்துவமனையும், மேற்கே கோயிலும் ஊரும் என்பது சிதம்பரத்தின் அமைப்பு. காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய ஊர்களின் நோயாளிகள் வந்து சேரும் இடம் அந்தக் கிழக்குப் பக்கம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, இப்பகுதியில் செவிலியரின் தேவை எத்தகையது என்பதைக் கரையோரக் குடும்பங்கள் நேரில் கண்டன.

இதே பல்கலைக்கழகம் 1979இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் 'அண்ணாமலையில் கரெஸ்ல படிச்சேன்' என்பது அன்றாடப் பேச்சாயிற்று. ஆசிரியர் இன்னொரு முதுகலை படித்தார். எழுத்தர் சட்டம் தொடர்பான பட்டயம் பெற்றார். இரண்டு, மூன்று பட்டங்கள் பெற்றவர்கள் பெருகினர். வயதோ முன்பு படித்த பாடமோ தடையாகவில்லை. இரண்டாம் பட்டம் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக்கியதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

செவிலியம் மட்டும் அந்த வசதிக்குள் வரவில்லை. அடிப்படைச் செவிலியப் பட்டத்தை அஞ்சலில் தர முடியாது, தரவும் கூடாது. ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் பாடநூல் படித்து வருவதில்லை. எனவே தொலைநிலையை மறுத்தது நியாயமானதே. ஆனால் முன்பு படித்த பாடங்களுக்கு மதிப்புத் தராததற்கு அதே காரணத்தைக் கூற இயலாது. உளவியலில் பட்டம் பெற்றவர் செவிலியப் படிப்பில் உளவியலை மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்கிறார். நுண்ணுயிரியல் பட்டதாரி நுண்ணுயிரியலை மறுபடி எழுதுகிறார்.

மதிப்பெண், வயது, பணம்

1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமான பிறகு, தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான வாசலாகப் பிளஸ் டூ அமைந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. கிராமப்புற மாணவருக்கு அது பாதகமானது என்ற வாதம் வலுத்து, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பி.எஸ்ஸி. செவிலியத்துக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை தயாரிக்கிறது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வில் இடங்கள் நிரப்பப்படுகின்றன. தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பகுதியை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடு.

நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டதால் கடலூர் மாவட்டத்தின் பள்ளி மாணவியர் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ அரசுப் பள்ளியில் படித்த பெண், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாமல் தன் பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு போட்டியிட முடிந்தது. ஆனால் இரண்டாம் பட்ட மாணவருக்கு அதே முறை வேறு விதமாக வேலை செய்கிறது. நுழைவுத்தேர்வு இருந்தால் 24 வயதில் தயாராகி எழுதலாம். மதிப்பெண் முறையில் 17 வயதில் எடுத்த எண்ணே அவர் கையில் இருக்கிறது. கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியிருந்தாலும் அந்த எண் கூடாது. அதோடு, மதிப்பெண் வழங்கும் போக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஐந்தாண்டுக்கு முன் நல்ல மதிப்பெண்ணாகக் கருதப்பட்டது இன்றைய பட்டியலில் கீழே இறங்கிவிடக்கூடும். சேர்க்கை விதிகளில் மேல் வயது வரம்பும் குறிக்கப்பட்டு வந்துள்ளது.

பிளஸ் டூவில் கலைப் பிரிவோ வணிகப் பிரிவோ படித்துப் பட்டம் பெற்றவரின் நிலை இன்னும் கடினம். இந்திய செவிலியர் மன்றம் பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் சேர்ந்து 45 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் கேட்கிறது. பி.காம். பட்டதாரி ஒருவர் பி.எஸ்ஸி. செவிலியம் படிக்க வேண்டுமானால், முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி போன்ற ஒன்றின் வழியே பன்னிரண்டாம் வகுப்பு அறிவியலை எழுதித் தேற வேண்டும். பட்டதாரி மறுபடி பள்ளிப் பாடநூலை எடுக்கிறார். பட்டயப் படிப்பு இவ்வகையில் சற்று இளகியது. அதில் கலைப் பிரிவினரும் சேர மன்றம் இடமளித்தது. அதனால் பட்டதாரிகள் சிலர் பட்டயத்தில் சேர்ந்து, வேலை பார்த்து, பிறகு போஸ்ட் பேசிக் வழியாகப் பட்டம் பெறும் சுற்றுவழியை எடுப்பதுண்டு. கூட்டிப் பார்த்தால் நேர்வழியைவிட நீளமான வழி அது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 1944இல் தொடங்கிய மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை, பட்டியல் சாதி மாணவர்கள் உயர்கல்விக்கு வரக் காரணமான திட்டங்களில் முதன்மையானது. அதன் விதிமுறையில் ஒரு நிபந்தனை உண்டு: கல்வியின் ஒரு நிலையை முடித்தவர், அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்து பி.காம். படிப்பது போன்ற எடுத்துக்காட்டுகளை அவ்விதியே தருகிறது. ஒரே மாணவர் உதவித்தொகைக்காகவே பட்டம் பட்டமாகப் படிப்பதைத் தடுப்பது இதன் நோக்கம். ஆனால் பி.ஏ. வரலாறு படித்துவிட்டுச் செவிலியராக விரும்பும் பெண்ணும் இந்த வலையில் சிக்குகிறார். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், தகுதியுள்ள மாணவி முதன்முதலாகச் சேரும் உயர்கல்விக்கே உரியது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சலுகையும் ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்குப் பொருந்தாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் 29 விழுக்காட்டுக்கு மேல் பட்டியல் சாதியினர். சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகப் பள்ளிகள், அம்மக்களில் மூன்று, நான்கு தலைமுறைகளைப் படிக்க வைத்தவை. இத்தகைய குடும்பங்களில் முதலில் கிடைத்த கல்லூரியில், கிடைத்த பாடத்தில் சேர்வதே வழக்கம். எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. வேலைவாய்ப்புத் தெரிந்து பாதையை மாற்ற நினைக்கும்போது உதவித்தொகை ஏற்கெனவே செலவாகிவிட்டிருக்கும். இரண்டாம் பட்ட விதியின் சுமை யார்மேல் அதிகம் விழுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

2013க்குப் பின்

நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஏற்றது. பல்கலைக்கழகம் அரசினுடையதாக மாறியும் மருத்துவப் படிப்புகளின் கட்டணம் அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கவில்லை. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மாணவர் ஆண்டுக்கு 13,610 ரூபாய் கட்ட, இங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டம் தொடங்கினர். 50 நாட்களுக்கு மேல் அது நீடித்தது. கொரோனாக் காலம் அது. பகலில் வார்டில் பணி செய்தவர்கள் மாலையில் வளாகத்தில் அமர்ந்தனர். 2021 தொடக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, செவிலியக் கல்லூரி ஆகிய மூன்றையும் உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றியது. கட்டணமும் அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

இரண்டாம் பட்டம் நாடுவோருக்கு இம்மாற்றம் இரு முகம் கொண்டது. உதவித்தொகை இல்லாதவருக்குக் குறைந்த கட்டணம் பெரிய ஆறுதல். நான்காண்டுகளைக் கைப்பணத்தில் கடக்க முடியும். அதே காரணத்தால் இடத்துக்குப் போட்டியும் கூடும். கட்டணம் குறைந்த கல்லூரி தரவரிசையின் மேல்பகுதியில் இருப்பவர்களால் முதலில் நிரம்பும். பழைய மதிப்பெண்ணோடு வருபவருக்கு எஞ்சுவது பெரும்பாலும் தனியார் கல்லூரியின் நிர்வாக இடம்தான்.

இவ்வளவு இடர்ப்பாடு இருந்தும் பட்டதாரிகள் ஏன் வருகின்றனர்? வேலைதான் காரணம். 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் 7,243 செவிலியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. வேறு எந்தப் பட்டத்துக்கும் ஒரே அறிவிப்பில் இத்தனை இடங்கள் வருவது அரிது. ஆனால் அவர்கள் சேர்ந்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில். பணி நிரந்தரத்துக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. செவிலியத்தை உறுதியான வேலை என்று நினைத்து 25 வயதில் பாதை மாறுபவர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வளைகுடா நாடுகளும் பிரிட்டனும் ஊதியத்தில் ஈர்க்கின்றன என்றாலும், அங்கே செல்ல மொழித் தேர்வும் பணி அனுபவமும் வேண்டும்.

கடலூரிலிருந்து வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி ஜிப்மரில் நிலைமை சற்று வேறு. அண்மை ஆண்டுகளில் அங்கே பி.எஸ்ஸி. செவிலியச் சேர்க்கை நீட் மதிப்பெண்ணைக் கொண்டு நடக்கிறது. 2022இல் நீட் தேர்வுக்கான மேல் வயது வரம்பு நீக்கப்பட்டது. தமிழ்நாடு எதிர்த்து நிற்கும் தேர்வு அது. கிராமப்புறப் பள்ளி மாணவரை அது பின்தள்ளுகிறது என்ற வாதத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. இருப்பினும், பள்ளியை விட்டுச் சில ஆண்டுகள் ஆன அறிவியல் பட்டதாரிக்கு, பழைய மதிப்பெண்ணை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகப் போட்டியிடும் வாய்ப்பை இவ்வட்டாரத்தில் அதுதான் தருகிறது. மதிப்பெண் முறையையும் விடாமல், பின்னால் வருவோருக்கு மட்டும் சில இடங்களைப் பட்டத் தகுதியின்படி ஒதுக்கும் நடுவழி ஒன்று இருக்க முடியும். பட்டயச் செவிலியருக்கு 1963இல் செய்தது ஏறக்குறைய அதுவே.

2021இல் அரசிதழில் வந்த இந்திய செவிலியர் மன்றத்தின் புதிய விதிமுறைகள் பி.எஸ்ஸி. செவிலியத்தைப் பருவ முறைக்கும் மதிப்பலகு முறைக்கும் மாற்றின. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதித்தது. மதிப்பலகு வந்துவிட்டது, இரண்டு பட்டமும் அனுமதிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் முன்பு படித்த மதிப்பலகைச் செவிலியத்துக்குள் கொண்டுவர வழியில்லை. விலங்கியல் பட்டதாரி முதல் பருவத்தில் உடற்கூறியல் வகுப்பில், தன்னைவிட நான்கைந்து வயது இளையவர்களோடு, முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறார்.